மாலுமிக்கு வந்த பின்னூட்டங்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் முழங்கால் இப்போது படியேற ஒத்துழைக்கிறதா, அத்தை வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா என்று முதலில் எழுதிவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

மற்றது என்னவென்றால், நீங்கள் வசமாக மாட்டிக்கொண்டீர்கள்.

‘தூறல்’ என்ற பெயரில், இணையத்தில் ‘ஏழாவது மாடி’ என்று வாரம் இரண்டு அத்தியாயம் எழுதும் அந்த எழுத்தாளர் அம்மணி நீங்கள்தானே? மறுக்காதீர்கள். கிளினிக்கில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது தமிழில் படிக்கலாமே என்று தேடியபோது கண்ணில் பட்டது. கதாநாயகனும் கதாநாயகியும் லிஃப்டில் மாட்டிக்கொள்வது ஊர் உலகத்தில் எல்லாக் கதையிலும் நடப்பதுதான். ஆனால் எந்தக் கதையிலும், அவள் கையைப் பிடிப்பதற்கு முன்னால், “கதவு ரோலர்ல துணி நூல் சுத்தியிருக்கு, அதனாலதான் நின்னிருக்கு, யாரும் கதவை நெம்பாதீங்க” என்று கதாநாயகன் முக்கால் பக்கம் பேசமாட்டான். அதுவும் அவன் கப்பலில் வேலை பார்க்கிற மாலுமி! அவனுக்கு லிஃப்ட் ரோலரைப் பற்றி என்ன தெரியும்?

அப்போதும் சந்தேகம்தான். ஒன்பதாவது அத்தியாயத்தில் கோபமாகக் கத்தும் கடைக்காரரிடம் அவன், “கொஞ்சம் கிரீஸ் போட்டுட்டுப் பேசுங்க” என்றான். இந்த உலகத்தில் அப்படிச் சொல்கிற ஒரே மனிதர் நாற்பது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறார். எனக்கு மாமனாராகவும் இருக்கிறார். வாய்க்குள் இருந்த ரொட்டித் துண்டோடு சிரித்துப் புரையேறிவிட்டது.

அத்தையிடம் சொல்லலாமா, வேண்டாமா? உங்கள் பதிலைப் பொறுத்தது.

உங்கள் மகனுக்கு வேலை அதிகம்.

அன்புடன்,
மருமகள்

பிப்ரவரி 6

என் அன்பு மருமகளுக்கு,

முழங்கால் வலது பக்கம் பரவாயில்லை, இடது பக்கம் அதன் இஷ்டம். அத்தை நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். அத்தையிடம் மட்டும் சொல்லிவிடாதே.

நடந்தது இதுதான். போன வருஷம் ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பிரேக் சரியில்லை. உதிரிப்பாகம் வர நான்கு நாள் ஆயிற்று. மொட்டை மாடி மெஷின் ரூமில் சும்மா உட்கார்ந்து எத்தனை நேரம்தான் கயிற்றைப் பார்ப்பது? போனில் நாலு வரி தட்டினேன். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண், ஏழாவது மாடியில் தனியாக இருக்கிறாள் என்று. அவ்வளவுதான், அவள் என்னை விடவில்லை. பெண் பெயரில் எழுதினால்தான் படிப்பார்கள் என்று அந்தத் தளத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். தூறல் ஆகிவிட்டேன். இப்போது என்னை ‘தூறல் அக்கா’ என்கிறார்கள். ஒருத்தி ‘தூறல் டார்லிங்’ என்கிறாள். அறுபத்திரண்டு வயதில் இதையெல்லாம் எங்கே போய்ச் சொல்வது?

அத்தையிடம் சொல்லக்கூடாது என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. அங்கே ‘கரண்டி’ என்ற பெயரில் ஒரு வாசகி வந்து என்னை வாரா வாரம் கிழிப்பதைப் பார்த்திருப்பாய். “தூறல், உங்க மாலுமிக்கு வாய் சொந்தமா, வாடகைக்கு எடுத்திருக்கானா?” என்று கேட்டது அவள்தான். அது உன் அத்தை. ஆஸ்பத்திரி கேன்டீனை நடத்துகிறவளுக்கு வேறு என்ன பெயர் தோன்றும்? அவளுக்குத் தெரியாது, அவள் திட்டுவது பக்கத்து அறையில் இருக்கிற என்னைத்தான் என்று. நானும், “அன்புத் தோழி, உங்கள் கருத்துக்கு நன்றி” என்று எழுதிவிட்டு, எழுந்து போய் அவளுக்கு டீ போட்டுக் கொடுக்கிறேன்.

உன் வீட்டுக்காரனை ஃபோன் எடுக்கச் சொல். கேட்டதாகவும் சொல்.

இப்படிக்கு,
அகப்பட்டுக்கொண்ட
மாமா

பிப்ரவரி 21

அன்புள்ள தூறல் டார்லிங்குக்கு,

கோபிக்காதீர்கள், இந்த ஒரு தடவைதான். நான் சுகம். உங்கள் இடது முழங்காலுக்கு என் தனி விசாரிப்பு.

ரகசியம் காப்பாற்றப்படும். அதற்கு ஈடாக வாசகி என்ற முறையில் எனக்குச் சில உரிமைகள் வேண்டும். ‘மத்தியானம்’ என்ற பெயரில் நேற்று வந்து சண்டை போட்டது நான்தான். கரண்டியும் நானும் ஒரே கட்சி என்பதைக் கவனித்தீர்களா? ‘அவசரக்குடுக்கை’ என்று ஒருத்தி இருக்கிறாளே, அத்தியாயம் வந்து இரண்டு நிமிஷத்தில் “அடுத்த எபி எப்போ?” என்று கேட்பவள், அவளையும் எங்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் புகார் மாலுமி மேல்தான். அழகாக இருக்கிறான், பாட்டுப் பாடுகிறான், லிஃப்டைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறான். ஆனால் பதினாலாவது அத்தியாயத்தில் அவள் ஏதோ கேட்க வருகிறாள், அவன் “பாத்துக்கலாம்” என்கிறான். வீடு மாற்றுவதைப் பற்றிக் கேட்டாலும் “பாத்துக்கலாம்”. எப்போது கப்பலுக்குத் திரும்புகிறாய் என்றாலும் “பாத்துக்கலாம்”. எண்ணிப் பார்த்தேன், ஒரே அத்தியாயத்தில் ஐந்து. அது அமைதியான சுபாவம் என்று நீங்கள் நினைத்து எழுதுகிறீர்கள். கூட இருக்கிறவளுக்கு அது எப்படிக் கேட்கும் தெரியுமா? ஃபோனை வைத்துவிட்ட மாதிரி கேட்கும்.

அவனைக் கொஞ்சம் திருத்தித் தாருங்கள்.

உங்கள் மகன் வெளியூர் போயிருக்கிறார்.

அன்புடன்,
மத்தியானம்

மார்ச் 4

அன்பு மருமகளுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அங்கே குளிர் விட்டுவிட்டதா? காதை மூடிக்கொண்டு வெளியே போ. காது பரிசோதிக்கிறவளுக்கே காது வலி வந்தால் நன்றாக இருக்காது.

மாலுமியைத் திருத்துவது சுலபம் இல்லை. அவனை நான் முழுக்க இட்டுக்கட்டவில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். சின்ன வயதில் உன் வீட்டுக்காரன் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, “எப்படா மாட்டுவ?” என்று கேட்டால், “பாத்துக்கலாம்ப்பா” என்பான். கேட்கச் சிரிப்பாக இருக்கும். அதை அப்படியே எடுத்துப் போட்டேன். பிள்ளையை எழுதுகிறபோது கை கொஞ்சம் சலுகை காட்டிவிடுகிறது.

கதையில் இப்போது ஒரு சிக்கல். மாலுமி கப்பலுக்குப் போய்விட்டான், எப்போது வருவான் என்று சொல்லாமல். அவள் மட்டும் வீட்டில். ஒரு பெண் தனியாக இருக்கிற வீடு எப்படி இருக்கும், என்ன செய்வாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஜன்னலில் நின்று அழுதாள் என்று எழுதினால் கரண்டி என்னை உயிரோடு விடமாட்டாள். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

போன ஞாயிறு வீடியோவில் பேசினபோது உன் வீட்டுக்காரன் குளித்துக்கொண்டிருந்தான். அதற்கு முந்தின ஞாயிறும் குளித்துக்கொண்டிருந்தான். இவ்வளவு சுத்தமான பிள்ளையை நான் வளர்த்ததாக ஞாபகம் இல்லை.

அன்புடன்,
மாமா

ஏப்ரல் 9

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கே இருவரும் நலம்தானே?

நீங்கள் கேட்டதைப் பற்றி யோசித்தேன்.

அவள் அழமாட்டாள். முதல் வாரம் வீட்டைச் சுத்தம் செய்வாள். அலமாரிக்குப் பின்னால் கூடப் பெருக்குவாள். கட்டிலில் எப்போதும் படுக்கிற ஓரத்திலேயே படுப்பாள். நடுவில் படுக்கலாம் என்பது ஒரு மாதம் கழித்துத்தான் உறைக்கும். முழு ரொட்டி வாங்கினால் கடைசி நாலு துண்டு பூஞ்சை பிடித்துவிடும். அரை ரொட்டி வாங்கப் பழகுவதற்கு மூன்று வாரம் ஆகும். முதல் தடவை கடைக்காரர், “அரையா?” என்று கேட்கும்போது, “ஆமா, டயட்” என்று சிரிப்பாள். சமையலறைக் குழாய் ஒழுகும். பழுது பார்ப்பவரைக் கூப்பிடாமல், தானே வாஷர் வாங்கி மாட்டுவாள், தப்பான அளவில். மறுபடி போய் வாங்குவாள்.

என் வேலையில் ஒன்று உண்டு. சத்தம் புகாத சின்ன அறையில் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, “சத்தம் கேட்டா பொத்தானை அழுத்துங்க” என்போம். நான் வெளியே இருந்து மெல்லிய ஒலிகளை அனுப்புவேன். சில பேர் நான் ஒன்றுமே அனுப்பாதபோதும் அழுத்துவார்கள். பொய் சொல்லவில்லை. வரும் வரும் என்று உற்றுக் கேட்டுக்கொண்டே இருந்தால் அப்படிக் கேட்கும். உங்கள் கண்ணாடிக்காரிக்கும் முதல் இரண்டு மாதம் வாசல் கதவில் சாவி போடும் சத்தம் கேட்கும். எழுந்து போய்ப் பார்ப்பாள். பிறகு கேட்கும், எழுந்து போகமாட்டாள். பிறகு ஒருநாள் கேட்கவில்லை என்பதே அவளுக்குத் தெரியாது, அவ்வளவு சாதாரணமாக அது நின்றுவிடும்.

இதெல்லாம் உபயோகப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அத்தையை மாத்திரை போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மருமகள்

ஏப்ரல் 12

என் அன்பு மருமகளுக்கு,

நாங்கள் நலம். உன் நலத்தைத்தான் இப்போது கேட்க வேண்டியிருக்கிறது.

நீ எழுதியதை ஒரு வார்த்தை மாற்றாமல் போட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு பின்னூட்டம் வந்தது. தூறலுக்கு இதுவரை ஐம்பதைத் தாண்டியதில்லை. அவசரக்குடுக்கை வாழ்க்கையில் முதல் தடவையாக “அடுத்த எபி எப்போ” என்று கேட்கவில்லை. “நானும் அரை ரொட்டி வாங்குறவதான்” என்று மட்டும் எழுதியிருந்தாள். கரண்டி எழுதினது இது: “இதை எழுதினவங்க யோசிச்சு எழுதல. இருந்து எழுதியிருக்காங்க.”

அதைப் படித்துவிட்டு மெஷின் ரூமில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதினது நான் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அம்மா, நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கலாமா என்று மட்டும் கேட்கிறேன்.

மாமா

மே 19

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதம் உங்களை நல்ல உடம்போடும் பொறுமையோடும் சந்திக்கட்டும். இன்று இரண்டும் தேவைப்படும்.

ஐந்து வாரமாக நீங்கள் அத்தியாயம் போடவில்லை. வாசகிகள் தூறலுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக் கவலைப்படுகிறார்கள். எனக்காகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகன் போன நவம்பரிலேயே வீட்டை விட்டுப் போய்விட்டார். சண்டை இல்லை. வேறு யாரும் இல்லை. ஒருநாள் காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, “எனக்கு இது போதும்னு தோணுது” என்றார். நான் இஸ்திரியைச் சொல்கிறார் என்று நினைத்து, “சரி, வையுங்க, நான் போடறேன்” என்றேன். அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் வேறு ஊரில் அறை எடுத்திருக்கிறார். “அப்பா அம்மாகிட்ட நானே சொல்றேன், நீ சொல்லாத” என்றார். எப்போது என்று கேட்டேன். என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவரைக் குளிக்க அனுப்பினேன்.

உங்கள் கதையைக் கண்டுபிடித்தது தற்செயல்தான் மாமா. ஆனால் உங்களுக்கு எழுதினது தற்செயல் இல்லை. உங்கள் மகன் இல்லாத வீடு எனக்குப் பழகிவிட்டது. நீங்களும் அத்தையும் இல்லாமல் எனக்குப் பழகுமா என்று தெரியவில்லை. எனக்கு அப்பா அம்மா இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஆறு வருஷமாக நான் “வீட்ல பேசணும்” என்று சொன்னால் அது உங்கள் வீடுதான். இனிமேல் நான் யாருக்கு மருமகள்?

கதையைப் பற்றி ஒரே ஒரு கோரிக்கை. எழுத்தாளர் நீங்கள், முடிவு உங்கள் இஷ்டம். ஆனால் அவளை வாசலில் காத்து நிற்க வைக்காதீர்கள்.

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
நான்

ஜூன் 7

அன்பு மகளுக்கு,

நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? இதைத் தவிர எதையும் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

அவனுக்கு ஃபோன் செய்தேன். பதினோராவது தடவை எடுத்தான்.

“ஏண்டா, என்னடா பண்ணி வெச்சிருக்க?”

“நானே சொல்லணும்னு இருந்தேன்ப்பா.”

“எப்போ? என்னைத் தூக்கிட்டுப் போனப்புறமா?”

“அவ மேல ஒரு தப்பும் இல்லப்பா. எனக்குத்தான் ரெண்டு பேரா இருக்கத் தெரியல.”

“தெரியலன்னா கத்துக்கோ. திரும்பிப் போ.”

“பாத்துக்கலாம்ப்பா” என்றான். நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

உன் அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வருகிறது, அவள் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுகிறது.

அம்மா, ஆறு வருஷம் கொஞ்சமில்லை. இன்னும் ஒரு தடவை பேசிப் பார்க்கலாமே. அவன் மோசமானவன் இல்லை, மந்தம், அவ்வளவுதான். என்ன எழுதுவது என்று தெரியாமல் நேற்று கதையை எழுதினேன். மாலுமி திரும்பி வருகிறான். அதன் இணைப்பைக் கீழே கொடுத்திருக்கிறேன். வாசகிகள் எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள். அவசரக்குடுக்கை பூங்கொத்துப் படமாக அனுப்பித் தள்ளியிருக்கிறாள். நீயும் படித்துப் பார்.

உன்
மாமா

ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். அத்தையும் நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தியாயம் படித்தேன். அவன் பையோடு வந்து நிற்கிறான், அவள் ஒன்றுமே கேட்காமல் கதவைத் திறக்கிறாள். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். மாமா, அந்தக் கதவைத் திறந்தது அவள் இல்லை. நீங்கள்.

கொஞ்ச நாள் நான் எழுதாவிட்டால் கவலைப்படாதீர்கள்.

அன்புடன்,
மத்தியானம்

ஆகஸ்ட் 16

என் கண்ணுக்கு,

நன்றாக இருக்கிறாய்தானே? நன்றாக இல்லையென்றாலும் அப்படியே எழுது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கேன்டீன் கரும்பலகையில் இன்றைக்கு என்ன சாப்பாடு என்று எழுதுவதுதான் என் எழுத்து. தப்பு இருந்தால் உன் மாமாவைத் திருத்தச் சொல், அவர்தான் எழுத்தாளர்.

ஆமாம், தெரியும். முதலிலிருந்தே தெரியும். ஒரு வருஷமாக ஒருவர் மொட்டை மாடியில் பேரிங் மாற்றிவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக வருவாரா? ஒருநாள் நான் அந்தத் தூறலுக்கு ஏதோ திட்டி எழுதிப் பொத்தானை அமுக்கினேன். பக்கத்து அறையில் அவர் ஃபோன் ‘டிங்’ என்றது. இன்னொன்று எழுதினேன். மறுபடி டிங். மூன்றாவது தடவை சும்மா ஒரு புள்ளி மட்டும் வைத்து அனுப்பினேன். டிங். அதற்கப்புறம் அந்த மனிதரை நேரில் திட்டுவதையே விட்டுவிட்டேன். அங்கே போய்த் திட்டினால் “அன்புத் தோழி” என்று நன்றி சொல்கிறார், டீயும் வருகிறது.

இப்போது வேறு விஷயம். உன் வீட்டுக்காரன் எனக்கு ஜனவரியிலேயே சொல்லிவிட்டான். “அப்பாகிட்ட சொல்லாதம்மா, தாங்கமாட்டார்” என்றான். நீயாகச் சொல்வாய், அதற்கு முன்னால் நான் கேட்டால் உன்னைக் கூண்டில் ஏற்றின மாதிரி ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். நீ ஞாயிற்றுக்கிழமை, “குளிக்கிறார் அத்தை” என்பாய். நான், “சளி பிடிக்கப்போகுது, சீக்கிரம் வரச் சொல்லு” என்பேன். பக்கத்தில் உன் மாமா தலையை ஆட்டுவார். மூன்று பேரும் சேர்ந்து என்ன நாடகம் ஆடியிருக்கிறோம், பார்த்தாயா? நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் தப்பு. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மாலுமி திரும்பி வந்த அந்த அத்தியாயத்துக்குப் பிறகு உன் மாமா சரியாகச் சாப்பிடவில்லை. அதன் லிங்கை அவர் உனக்கு அனுப்பும்போது பின்னால் நின்று பார்த்துவிட்டேன். இரண்டு மாதம் பொறுத்தேன். போன வாரம் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

“மாலுமி வந்துட்டானா?”

“எந்த மாலுமி?”

“உங்க மாலுமிதான், தூறல் அக்கா.”

டீ சட்டையெல்லாம் கொட்டிவிட்டது.

“அவன் வந்தான், சரி. அந்தப் பொண்ணுகிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கதைதானே...” என்றார்.

“கதைன்னா அவளுக்கு எதுக்கு லிங்க் அனுப்பினீங்க?”

எழுந்து உள்ளே போய் ஃபோனை எடுத்து வந்து, உன் கடிதங்களை எல்லாம் காட்டினார். மே மாதக் கடிதத்தைத் திறந்து ஃபோனைக் கையில் கொடுத்துவிட்டு, படிக்கும் வரை சுவரைப் பார்த்து நின்றார்.

யாருக்கு மருமகள் என்று கேட்டிருந்தாய். பைத்தியக்காரி. முதல் வருஷம் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது பதினோரு நாள் என் பக்கத்தில் நாற்காலியில் தூங்கினது அவனா, நீயா? அவன் கையெழுத்துப் போட்டு உன்னை விட்டால் அது அவன் கணக்கு. நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன்.

நான் அவனுக்கும் அம்மாதான். அவனைத் தள்ளி வைக்கச் சொல்லி நீ கேட்கமாட்டாய் என்று தெரியும். நானும் செய்யமாட்டேன். அதுவும் இதுவும் வேறு வேறு.

முடிந்தபோது ஃபோன் செய். எடுத்ததும் யாரையும் குளிக்க அனுப்பாதே.

அத்தை

ஆகஸ்ட் 30

அன்பு மகளுக்கு,

நீ அத்தைக்கு ஃபோன் செய்தாய், ஒரு மணி நேரம் பேசினாய், குரல் தெளிவாக இருந்தது என்று சொன்னாள். அதுவே எனக்குப் போதும். இதற்குப் பதில் எழுதியே தீர வேண்டும் என்று இல்லை.

நீ கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் நான் செய்யவில்லை. அப்பனாக இருந்து எழுதிவிட்டேன். பிள்ளை செய்ததைச் சரிக்கட்ட எனக்குக் கிடைத்தது அந்தக் கண்ணாடிக்காரிதான், பாவம். “பாத்துக்கலாம்” என்ற சொல்லை அவன் எங்கே பிடித்தான் என்று இத்தனை நாள் யோசித்ததில்லை. நான் அத்தையிடம் இதைச் சொல்லாமல் மூன்று மாதம் தள்ளிப்போட்டேனே, அப்போது தெரிந்துகொண்டேன்.

அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு நேற்று வேறு போட்டிருக்கிறேன். இணைப்பு அனுப்பவில்லை. என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

மாலுமி பையோடு வருகிறான். அவள் வேலைக்குக் கிளம்பிக் கீழே இறங்கி வருகிறாள். வாசலில் பார்க்கிறார்கள்.

“மேல போய்ப் பேசலாமா?” என்கிறான்.

“எனக்கு வேலைக்கு நேரமாச்சு. என்ன பேசணும்னு வந்த?”

“வந்தப்புறம் பாத்துக்கலாம்னு...”

“அப்ப அதைப் பாத்துட்டு வா” என்று சொல்லிவிட்டு நடக்கிறாள். கோபம் இல்லை. கடையைத் திறந்ததும் ஒரு பெரியவருக்குக் கண்ணாடி சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு முழுக்க அவள் கடையில் கூட்டம்.

அவ்வளவுதான், முற்றும் போட்டுவிட்டேன்.

கிழித்து எடுத்துவிட்டார்கள். “சேர்த்து வெச்சுட்டுப் பிரிக்கறீங்களே, நீங்கல்லாம் ஒரு பொண்ணா?” என்று ஒருத்தி கேட்டாள். இல்லை என்றுதான் உண்மையைச் சொல்ல வேண்டும். எழுபது பேர் என்னைத் தொடர்வதை நிறுத்திவிட்டார்கள். அவசரக்குடுக்கை மட்டும் ராத்திரியெல்லாம் யோசித்துவிட்டுக் காலையில் எழுதினாள்: “முதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் நான் இன்னிக்கு வேலைக்குப் போற வழியில கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.” கரண்டி ஒன்றும் எழுதவில்லை. அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்து, “டீ போடட்டுமா?” என்று கேட்டாள்.

என்னை அவசரப்பட்டு மன்னித்துவிடாதே. நேரம் எடுத்துக்கொள்.

மாமா

அக்டோபர் 12

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

இருவரும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கலாம், இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. நான் நலம் என்று இந்தத் தடவை யோசிக்காமல் எழுத வருகிறது.

போன செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். விவாகரத்துக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டோம். மேசை மேல் இருந்த பேனா எழுதவில்லை. அவர் பேனாவையே நான் வாங்கி, நான் போட்டதும் அவர் வாங்கி, மாற்றி மாற்றிப் போட்டோம். முடிந்ததும் எதிர்க்கடையில் தேநீர் குடித்தோம். “நான் சொல்லியிருக்கணும், எல்லாத்தையும் உன்னையே சுமக்க வெச்சுட்டேன்” என்றார். ஆமாம் என்றேன். “அப்பா அம்மா உன்கிட்ட...” என்று இழுத்தார். “அது எங்களுக்குள்ள” என்றேன். தலையாட்டினார். அவர் முகத்தில் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது, அது எனக்குக் கஷ்டமாக இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார்.

மாமா, புது முடிவை அது வந்த அன்றே படித்துவிட்டேன். நீங்கள் இணைப்பு அனுப்பாததால்தான் படித்தேன். சொல்ல வேண்டியதை நேரில் சொல்கிறேன். ஒன்று மட்டும் இப்போதே: அவள் கடையில் அன்றைக்குக் கூட்டம் என்று எழுதினீர்களே, அதற்கு நன்றி.

கிளினிக்கில் பன்னிரண்டு நாள் விடுப்புக் கேட்டேன். காரணம் எழுதும் இடத்தில் ‘உறவினரைப் பார்க்க’ என்று எழுதினேன். மேலாளர், “யாரு, எந்த ஊர்ல?” என்று கேட்டார். அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கி, அதை அடித்துவிட்டு ‘வீட்டுக்கு’ என்று எழுதிக் கொடுத்தேன்.

இருபத்தாறாம் தேதி காலை பத்தே முக்காலுக்கு வண்டி வந்து சேரும். என்னிடம் ஒரே ஒரு பெட்டிதான், இரண்டு பேரும் வர வேண்டாம். யார் வருவது என்று நீங்களே சண்டை போட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

உங்கள்
மருமகள்